பனித்தரை வீரர் ஹோவி மோரென்ஸ்

கனடா தேசத்துத் தபால் இலாகாவினர் 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பனிக்கட்டி ஹாக்கி விளையாட்டிற் பெரும்புகழ் எய்திய அறுவருடைய உருவங்களைத் தாங்கிய ஆறு தபால் தலைகளை ஒரே தாளில் அச்சிட்டு வெளியிட்டனர். தலையொன்றுக்கு விலை 48 சென்டு. அவ்வறுவருள் ஐவர் இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் ஆடியவர்கள். அவர்தம் ஆட்டத்தை நேரிற் கண்டு களித்தவர் பலர் அந்நாளில் உயிரோடிருந்தனர். எஞ்சிய ஒருவரோ, அத்தபால் தலை வெளிவருவதற்கு அறுபத்தைந்து ஆண்டுகட்கு முன்னரே, தமது 34-ஆம் வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலினின்றும் இறங்கிய அளவிலே வீழ்ந்து உயிர்நீத்தவர். அவர் பெயர் ஹோவி மோரென்ஸ் என்பது.

தபால் தலை சேர்க்கும் பழக்கமுடைய மாணவர்கள் கனடா நாட்டுத் தலைகளைத் தொகுத்து வைப்பின், அந்நாட்டார் இவ்விளையாட்டின்மாட்டுக் கொண்ட காதல் எத்துணைத்து என்பதனை அவ்வேட்டிலேயே படித்தறியலாம். 1956-ஆம் ஆண்டில் வெளியான 5 சென்டுத் தலையொன்றே அந்நாட்டில் இவ்விளையாட்டிற்கென வந்த முதல் தலையாகும். 1993-இல், ஸ்டான்லிக் கோப்பை வழங்கத் தொடங்கி நூறாண்டு நிறைவெய்தியதன் பொருட்டு அக்கோப்பையின் உருவம் பொறித்த தலையொன்று வந்தது. 2000 முதற் சில ஆண்டுகள் வரையில் ஆண்டுதோறும் அறுவர் அறுவராகப் பெருவீரர் வரிசை வெளிவரலாயிற்று. 2017-இல் கனடாவும் அமெரிக்க ஐக்கிய நாடும் ஒன்றுகூடி இவ்விளையாட்டின் வரலாற்றைக் குறிக்குந் தலைகளை வெளியிட்டன. நம் நாட்டிலும் புல்தரை ஹாக்கியின் பெருவீரராகிய தியான் சந்த் அவர்கட்கு 1980-இல் இந்தியத் தபால் இலாகா ஒரு தலை வெளியிட்டதனை அன்பர்கள் அறிவர்.

மோரென்ஸின் வரலாற்றிற் புகுமுன் அவ்விளையாட்டின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். நாம் புல்தரையில் ஆடும் ஹாக்கியை அறிந்தோமாயினும், பனிக்கட்டியின்மேல் ஆடுவது நம்மிற் பெரும்பாலோர் கண்டிலாதது. ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமுமுள்ள உறைந்த தரை. அதனைச் சுற்றிலும் இடுப்பளவினதாய மரப்பலகை வேலி. கோல் காவலர் உட்படப் பக்கத்துக்கு அறுவர். பந்திற்கு மாறாக மூன்றங்குலக் குறுக்களவும் ஓரங்குலக் கனமுமுடைய ரப்பர் வில்லை. ஆடுவோர் யாவரும் அடியில் எஃகுக் கத்தி பூட்டிய பாதரட்சை அணிந்து சறுக்கிச் செல்வர். ஓடுவோன் வேகம் வேறு, சறுக்குவோன் வேகம் வேறு. வேகமாகச் சறுக்குபவன் நினைத்தவிடத்து நிற்றலரிது. எதிரே வருவோனுடன் மோதினால் அம்மோதுதல் இலேசானதன்று. விதிகளே உடலால் மோதித் தடுத்தலை ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கின்றன. சுற்றியுள்ள பலகை வேலியும் ஆட்டத்தில் ஓர் உறுப்பேயாம். அவ்வேலியை வாசகர் மறவாது நினைவில் வைத்திருப்பாராக.

ஹோவர்த் வில்லியம் மோரென்ஸ் 1902-ஆம் ஆண்டில், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் மிச்செல் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். ஜெர்மானிய வமிசத்தைச் சேர்ந்த எளிய குடும்பம். அவ்வூரருகே ஓடும் ஆற்றிற்கும் தேம்ஸ் என்றே பெயர். இங்கிலாந்தினின்றும் குடியேறினோர் தம் பழைய ஊர்களின் பெயர்களையும் ஆறுகளின் பெயர்களையும் உடன்கொண்டு சென்றமையின் அந்நாட்டில் இத்தகைய பெயர்கள் மலிந்துள்ளன. மாரிக்காலத்தில் அவ்வாறு உறைந்து பாறைபோற் கிடக்கும். சிறுவர்கட்கு அதுவே ஆடுகளம். மகன் பியானோ வாத்தியம் பயில வேண்டுமென்று அன்னையார் விரும்பி, அதற்குரிய ஆசிரியரிடம் அனுப்பி வந்தார். மகனோ வீட்டினின்றும் புறப்படுவது பியானோவிற்கு, சென்று சேர்வது ஆற்றிற்கு. நெடுநாட் கழித்து ஆசிரியர் வாயிலாக உண்மை வெளிப்பட்டது என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். சங்கீதம் முற்றும் வீண்போகவில்லை போலும். பிற்காலத்தில் அவர் உகுலேலி என்னும் சிறு நரம்பு வாத்தியத்தை வாசித்துத் தோழர்களை மகிழ்விப்பதுண்டு.

பின்னர் அக்குடும்பம் அடுத்துள்ள ஸ்டிராட்போர்டு நகருக்குக் குடிபெயர்ந்தது. இளைஞராகிய மோரென்ஸ் அங்கே ரயில்வேத் தொழிற்சாலையில் வேலை பழகுபவராய் அமர்ந்து, ஓய்வு நேரத்தில் உள்ளூர்க் கோஷ்டியில் ஆடிவந்தார். உயரம் ஐந்தடி ஒன்பதங்குலத்திற்கு மேற்படாது, உடலும் பருமனன்று. ஆயினும் அவர் கால்களில் இருந்த வேகம் அதுகாறும் எவரும் காணாததாயிருந்தது. அச்செய்தி மான்ட்ரீயால் மாநகர் வரையிற் பரவிற்று.

மான்ட்ரீயாலில் கனேடியன்ஸ் என்னுங் கோஷ்டி, பிரெஞ்சு மொழி பேசும் மக்களின் கோஷ்டியாகப் பெயர்பெற்றது. அதன் தலைவராகிய லியோ டான்டுராண்டு என்பார், 1923-இல் தம் ஆளாகிய செசில் ஹார்ட்டு என்பவரை ஸ்டிராட்போர்டுக்கு அனுப்பி மோரென்ஸிடம் உடன்படிக்கை பெற்றுக்கொண்டார். முன்பணமும் கொடுக்கப்பட்டது. ஈண்டுத்தான் அவ்விளைஞர் வாழ்வில் முதற் சோதனை நேர்ந்தது. ஊரார் அவரைச் சூழ்ந்து, தம் நகரை விட்டு அவர் போகலாகாதென்று வற்புறுத்தினர். தொழிலோ கையில் உளது. பெற்றோரும் உற்றாரும் அருகே உளர். பிரெஞ்சு மொழி வழங்கும் அயல் நகரில், பெருவீரர் நடுவே, தமக்கு இடமுண்டோ என்ற ஐயமும் அவரைப் பற்றிக்கொண்டது. உடன்படிக்கையை நீக்கிவிடும்படி வேண்டி, முன்பணத்துக்குரிய செக்கையுந் திருப்பி அனுப்பிக் கடிதம் எழுதினார். டான்டுராண்டு இசையவில்லை. மோரென்ஸை மான்ட்ரீயாலுக்கு வரவழைத்து, உடன்படிக்கையை முறித்தால் ஊதியம் பெற்று ஆடும் வாழ்வு எங்குமே வாய்க்காதென்று அச்சுறுத்தினார். அவ்விளைஞர் அவர் முன்னிலையிற் கண்ணீர் விட்டு, தாம் அத்துணைத் திறமை உடையேனல்லேன் என்று முறையிட்டதாகச் சொல்லுகின்றனர். பின்னாளில் உலகம் ஒப்பற்றவர் எனக் கொண்டாடிய ஒருவர், தம் திறமையில் ஐயுற்று அழுதமை நமக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் தேர்வு மண்டபத்தின் வாயிலிற் கால் நடுங்கி நின்ற நம் மாணவர் சிலர் அதனை எளிதில் உணர்வர்.

சென்ற முதற் பருவத்திலேயே, 1924-ஆம் ஆண்டில், கனேடியன்ஸ் கோஷ்டி ஸ்டான்லிக் கோப்பையை வென்றது. கனடாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த ஸ்டான்லிப் பிரபு 1892-இல் வழங்கிய கோப்பை அது. அக்கோஷ்டியில் அப்போது கோல் காத்தவர் ஜார்ஜ் வெசினா என்னும் மூத்த வீரர். மோரென்ஸுக்கு இடப்புறத்தில் ஆடியவர் ஓரேல் ஜோலியா. இந்த ஜோலியா மோரென்ஸினும் உருவிற் சிறியவர். தலையிற் கறுப்புத் தொப்பியொன்று அணிந்தே ஆடுவார். இருவருக்கும் நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. வெசினாவோ 1925-ஆம் ஆண்டு நவம்பரில் ஆட்டத்தினிடையே கடுங்காய்ச்சலுடன் வீழ்ந்து, க்ஷயரோகத்தால் அடுத்த மார்ச்சு மாதத்திற் காலஞ்சென்றார்.

மோரென்ஸின் ஆட்டத்தை விளக்குதற்கு அக்காலத்து விதியொன்றைச் சொல்லல் வேண்டும். 1929-ஆம் ஆண்டு வரையில், எதிரியின் கோலை அடுத்த பகுதியில் வில்லையை முன்னோக்கித் தோழனுக்குத் தள்ளுதல் கூடாது. ஆதலின் ஒருவனே வில்லையைத் தன் கோலின் முனையிற் கட்டியதுபோல் கொண்டு, எதிரிகளை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து செல்லவேண்டியிருந்தது. கோல் போடுதல் மிக அரிதாயிற்று. 1928-29 பருவத்தில் கனேடியன்ஸ் கோஷ்டியின் காவலர் ஜார்ஜ் ஹெயின்ஸ்வர்த் 44 ஆட்டங்களில் 22-இல் ஒரு கோலும் விழவிடாது காத்தனர் என்றால், மற்றவை கூறவேண்டா. இத்தகைய காலத்தே மோரென்ஸ் தம் கோலின் பின்னிருந்து வில்லையை எடுத்துக்கொண்டு, நடுத்தரையை அடையுமுன் முழுவேகம் பெற்று, காவலர் இருவர் நடுவிலுள்ள சிறு வழியிற் பாய்ந்து செல்லுங்கால், காண்போர் இருக்கையில் இருக்கலாற்றாது எழுந்து நிற்பர். அவரை ஸ்டிராட்போர்டு மின்னல் என்றும், மிச்செல் எரிமீன் என்றும் பத்திரிகைகள் புனைந்துரைத்தன. 1927-28 பருவத்தில் 33 கோல் போட்டு, மொத்தம் 51 புள்ளிகள் பெற்று முதல்வரானார். அவ்வாண்டே ஆம்ஸ்டர்டாமில் நம் இந்தியக் கோஷ்டி புல்தரை ஹாக்கியிற் பொற்பதக்கம் வென்றது. ஒரே ஆண்டில் உலகின் இருவேறு மூலைகளில் இருவேறு ஹாக்கிகள் ஓங்கியமை நினைக்கத்தக்கது.

1929-இல் முற்கூறிய விதி தளர்த்தப்பட்டதும் 44 ஆட்டங்களில் 40 கோல் போட்டார். அப்பருவத்தில் பாஸ்டன் நகரக் கோஷ்டி 44 ஆட்டங்களில் ஐந்தே தோற்று வெல்லற்கரியதாய் விளங்கியது. ஆயினும் இறுதிப் பந்தயத்தில் கனேடியன்ஸ் அதனை இருமுறை தொடர்ந்து வென்று 1930-ஆம் ஆண்டுக் கோப்பையைக் கைக்கொண்டனர். வெற்றியை முடிவு செய்த கோல் மோரென்ஸ் போட்டதே. 1931-இல் மறுபடியும் கோப்பை அவர்களதாயிற்று. ஆண்டிற் சிறந்த ஆட்டக்காரர்க்கு அளிக்கும் ஹார்ட்டு விருதை மோரென்ஸ் 1928, 1931, 1932 ஆகிய மூன்று ஆண்டுகளிற் பெற்றார். நியூயார்க்கில் மாடிசன் ஸ்குயர் தோட்ட மண்டபத்தைக் கட்டிய டெக்ஸ் ரிக்கார்டு என்பார், மோரென்ஸ் ஆடக் கண்டமையாலேயே தம் மண்டபத்தில் பனித்தரை அமைக்க உடன்பட்டார் என்றொரு செய்தி வழங்குகின்றது. அது எவ்வாறாயினும், 1925 டிசம்பரில் அம்மண்டபத்தில் நடந்த முதற் பனிக்கட்டி ஹாக்கிப் பந்தயத்தில் நியூயார்க்குக் கோஷ்டிக்கு எதிராக ஆட வந்தது மோரென்ஸின் கோஷ்டியே.

ஜெர்மானிய வமிசத்தவர், ஆங்கில மொழியாளர், ஒண்டாரியோ மாகாணத்தார் ஆகிய இவரைப் பிரெஞ்சு மக்கள் தம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டனர். அந்நகரில் ஆங்கிலேயர்க்கு மரூன்ஸ் என்னும் வேறு கோஷ்டி இருந்தது. இரண்டும் மோதும் நாட்களில் பார்வையாளரிடையே மனத்தாங்கல் மிகும். மொழியினாலும் மதத்தினாலும் பிரிந்து கிடந்த நகரத்திலே இரு சாராரும் ஒருங்கே புகழ்ந்த ஆட்டக்காரர் இவரினும் வேறில்லை. தோற்ற இரவுகளில் உறக்கம் பிடியாது தெருக்களில் விடியுமளவும் தனியே நடப்பார் என்பர். அவருக்கு அவ்விளையாட்டு ஊதியத்திற்குரிய தொழில் மட்டுமன்று என்பது இதனால் தெளிவாம்.

வேகத்தையே முதலாகக் கொண்டவர்க்கு முதல் குறையத் தொடங்கினால் வேறு ஈடில்லை. முப்பது வயது கடந்ததும் கால்கள் முன்போற் பணிசெய்யவில்லை. காயங்கள் ஆறுவதற்கு நாட்கள் நீண்டன. நாடெங்கும் பொருளாதார மந்தம் பரவிய காலம்; மண்டபத்தில் கூட்டங் குறைந்தது. முன்பு எழுந்து நின்று ஆரவாரித்த அதே மக்களிற் சிலர் அவரைக் கண்டு கூச்சலிட்டு இகழ்ந்தனர். அதனைப் பொறுக்கலாற்றாது அவர் கண்ணீர் விட்டனர் என்று உடன் ஆடினோர் சொல்லியுள்ளனர். 1934 அக்டோபரில் கனேடியன்ஸ் தலைவர்கள் அவரை மற்றிருவரோடு சேர்த்துச் சிகாகோக் கோஷ்டிக்கு மாற்றிவிட்டனர். கடையில் ஒரு சரக்கை மற்றொன்றுக்கு மாற்றுவது போல மனிதரை மாற்றும் இவ்வழக்கம் அவ்விளையாட்டில் இன்றளவும் உண்டு. நமக்கு அது சிறிதும் உவப்பன்று. சிகாகோச் சட்டை அணிந்து மான்ட்ரீயாலுக்கு வந்து ஆடியபோது அவர் தம் பழைய கோஷ்டிக்கு எதிராகவே கோல் போட, ஊரார் எழுந்து நின்று கைகொட்டினர். 1936 ஜனவரியில் சிகாகோவினின்றும் நியூயார்க்குக்கு மாற்றப்பட்டார். அங்கும் நிலைக்கவில்லை.

அவ்வாண்டில் செசில் ஹார்ட்டு, பதின்மூன்று ஆண்டுகட்கு முன் ஸ்டிராட்போர்டுக்குச் சென்று உடன்படிக்கை வாங்கிவந்த அதே ஹார்ட்டு, கனேடியன்ஸ் கோஷ்டியின் பயிற்சித் தலைவராக மீண்டும் அழைக்கப்பட்டார். மோரென்ஸை அழைத்து வந்தாலன்றித் தாம் வாரேன் என்றார் அவர். அவ்வாறே 1936 செப்டம்பரில் மோரென்ஸ் தம் பழைய ஏழாம் எண் சட்டையை மறுபடியும் அணிந்தார். பழைய தோழராகிய ஜோலியாவும் பக்கத்தில் இருந்தார். வேகம் முழுவதும் திரும்பவில்லையாயினும் ஆட்டத்தில் நுட்பம் மிகுந்தது. முப்பது ஆட்டங்களில் நான்கு கோல் போட்டு, பதினாறு கோல்களுக்குத் துணைநின்றார். கோஷ்டி தன் பிரிவில் முதலிடம் பெறும் நிலையில் இருந்தது. இழந்ததை மீளப் பெற்ற மனிதரின் உவகை அவரிடம் காணப்பட்டது.

1937-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் இரவு, மான்ட்ரீயால் போரம் மண்டபத்திலே சிகாகோக் கோஷ்டியுடன் பந்தயம். மோரென்ஸ் வில்லையைத் தொடர்ந்து மூலைக்குப் பாய்ந்தார். கால் இடறி வீழ்ந்து சறுக்கிச் செல்ல, பாதரட்சையின் கத்தி சுற்றுப்பலகையிற் பாய்ந்து மரத்திற் பதிந்துவிட்டது. அவரைத் துரத்தி வந்த சிகாகோக் காவலர் ஏர்ல் சைபர்ட்டு, பருத்த உடலினர், தம் வேகத்தை அடக்கமாட்டாது அவர்மேல் வீழ்ந்தார். பலகையிற் சிக்கிய கால் அசையவில்லை, உடல் திரும்பிற்று. எலும்பு நான்கு இடங்களில் முறிந்தது. சைபர்ட்டு வேண்டுமென்று செய்தாரென மோரென்ஸ் கருதவில்லை. ஆயினும் மான்ட்ரீயால் மக்கள் அதன்பின் அவரைக் கண்டபோதெல்லாம் இகழ்ந்து கூவினர். பாவம், அவரும் அந்நினைவைச் சுமந்தே வாழ்ந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் அறை முதலிற் கலியாண வீடு போலிருந்தது. நண்பரும் ரசிகரும் ஓயாது வந்தனர். பழங்களும் மலர்களும் மதுப்புட்டிகளும் குவிந்தன. விரைவில் மீண்டு வந்து ஆடுவேனென்று அவர் வந்தோர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாட்கள் செல்லச் செல்ல, இனி ஆடுதல் இயலாது என்னும் உண்மை அவர் நெஞ்சிற் புகுந்தது. மனம் கலங்கி நரம்புத் தளர்ச்சியும் நேரிட்டமையால், வைத்தியர்கள் வருவோரைத் தடுத்தனர். ஆரவாரத்தில் வாழ்ந்தவர்க்கு அவ்வமைதி மருந்தாயிற்றோ, மற்றொரு நோயாயிற்றோ, அறியோம். மார்ச்சு 8-ஆம் நாள், காலில் இரத்தம் கட்டியிருத்தல் கண்டு வைத்தியர்கள் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தனர். அன்றிரவு அவர் கட்டிலினின்றும் எழுந்து காலை ஊன்ற முயன்று, தரையில் வீழ்ந்தார். அதுவே முடிவு. இரத்தக் கட்டி இருதயத்தை அடைத்தது என்பது வைத்தியர் கருத்து. ஜோலியாவோ, தம் நண்பர் இருதயம் உடைந்தே மாண்டாரென்று தம் இறுதிநாள் வரையிற் சொல்லிவந்தார். வைத்திய நூலும் நட்பும் ஒரே உறுப்பைச் சுட்டியமை காண்க.

மார்ச்சு 11-ஆம் நாள், அவர் ஆடிய போரம் மண்டபத்தின் நடுவே பெட்டியை வைத்து இறுதி ஆராதனை நடத்தினர். எந்த இருக்கைகளினின்றும் ஆயிரமாயிரம் பேர் எழுந்து ஆரவாரித்தனரோ, அவ்விருக்கைகளில் அன்றும் மக்கள் நிறைந்திருந்தனர், ஒலியில்லை. வெளியே தெருக்களிலும் பல்லாயிரவர் நின்றனர். மவுண்டு ராயல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் ஈட்டிய பொருள் அவரிடத்துத் தங்கியதில்லை. நல்லுடை அணிவதிலும், குதிரைப் பந்தயத்திலும், கேட்டோர்க்கு இல்லையென்னாது கொடுப்பதிலும் அது கரைந்தது. ஆதலின், மனைவியாரும் மூன்று குழந்தைகளும் கொண்ட அக்குடும்பத்தின் பொருட்டு 1937 நவம்பர் 2-ஆம் நாள் ஓர் உதவிப் பந்தயம் நடந்தது. மான்ட்ரீயாலின் இரு பகைக் கோஷ்டிகளும் அன்று ஒரே கோஷ்டியாகக் கூடி, மற்றக் கோஷ்டிகளின் சிறந்த வீரரை எதிர்த்தன. கிடைத்த தொகை பதினோராயிரம் டாலருக்கு மேற்பட்டது. மோரென்ஸின் சட்டையும் கருவிகளும் ஏலத்தில் விடப்பட, கோஷ்டியின் பழைய உடையவருள் ஒருவராகிய ஜோசப் கட்டாரினிச் அவற்றை வாங்கி, அவர்தம் சிறு மகனுக்கே திருப்பித் தந்தார். ஏழாம் எண்ணை இனி எவரும் அணிதல் கூடாதென்று கோஷ்டியார் விதித்தனர்; கனேடியன்ஸ் வரலாற்றில் அவ்வாறு ஓய்வு பெற்ற முதல் எண் அதுவே. 1945-இல் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்திற்கு முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் மோரென்ஸும் ஒருவர். 1950-இல் கனடா நாட்டுப் பத்திரிகையாளர்கள் அரை நூற்றாண்டின் தலைசிறந்த வீரர் எனத் தெரிந்தெடுத்ததும் அவரையே.

அவர் மகளார் மார்லீன், பெர்னார்டு ஜெப்ரியோன் என்னும் கனேடியன்ஸ் வீரரை மணந்தார். ஒரே பருவத்தில் ஐம்பது கோல் போட்டோருள் இரண்டாமவர் இந்த ஜெப்ரியோன். அவர் அணிந்த ஐந்தாம் எண்ணுக்கு ஓய்வளிக்கும் விழா 2006-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், அஃதாவது மோரென்ஸை அடக்கம் செய்த அதே தேதியில், குறிக்கப்பட்டிருந்தது. அன்று காலையிலேயே ஜெப்ரியோன் புற்றுநோயால் உயிர்துறந்தார். விழா நிறுத்தப்படவில்லை. ஐந்தாம் எண் கொடி மேலேறுகையில், உச்சியிலிருந்த ஏழாம் எண் கொடி பாதிவழி இறங்கி வந்து மருமகனின் கொடியை எதிர்கொள்ள, இரண்டும் ஒருங்கே உயர்ந்தன.

2012-இல் மார்லீனின் பேரர் பிளேக் ஜெப்ரியோன் கனேடியன்ஸ் கோஷ்டியிற் சேர்ந்தார். ஐந்தும் ஏழும் ஓய்வு பெற்றுவிட்டமையின் அவர் 57 என்னும் எண்ணை அணிந்தார். அவ்வாண்டு நவம்பரில், மான்ட்ரீயாலிலேயே, துணைக் கோஷ்டியொன்றின் பந்தயத்தில் ஆடுகையில் வீழ்ந்து அவருக்கு மண்டையோடு முறிந்தது. உடனே அறுவைச் சிகிச்சை செய்து உயிரைக் காத்தனர். அடுத்த ஆண்டில் அவர் விளையாட்டைத் துறந்தார்.